கடைசி வரிசை

பள்ளிக்கூட உணவறையில் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ஆட்டம் பழக வந்தவர்கள் ஆறு வரிசையாக நிற்கிறார்கள். வால்ட்ஸின் அசைவையும் சா-சாவின் துள்ளலையும் கோத்துக் கட்டிய ஆட்டம். ஜோடி ஆட்டங்களின் கலவைதான், ஆனால் யாரும் யார் கையையும் பிடிக்க வேண்டாம். உள்ளங்கை வியர்க்கும் தையற்காரிக்கு அதுவே பாதி நிம்மதி. மீதி நிம்மதிக்காகக் கடைசி வரிசையில் நாத்தனாருக்குப் பின்னால் ஒளிந்து, அவளுடைய நீலச் செருப்பைப் பார்த்துப் பார்த்தே காலை எடுத்து வைக்கிறாள். "எட்டு எண்ணி முடிஞ்சதும் எல்லாரும் அப்படியே பின்பக்கம் திரும்பிடுங்க," என்கிறார் ஆசிரியை. திரும்புகிறார்கள். எதிரே நீலச் செருப்பு இல்லை. ஜன்னலும் சாய்ந்த வெயிலும்தான். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. ஒளிய ஒரு முதுகும் இல்லை. பாட்டோ நிற்பதாக இல்லை. பக்கவாட்டில் இரண்டு, பின்னால் ஒன்று. அந்த இடத்தில், மெஷினை மிதித்துப் பழகிய வலது கால் தன் பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிடுகிறது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். முதுகுக்குப் பின்னால் அத்தனை கால்களும் ஒன்றுபோல அதையே தட்டுகின்றன. "அண்ணி, இந்தத் தட்டு எப்போ சொல்லிக் கொடுத்தாங்க?" என்று நாத்தனார் மூச்சிரைக்கக் கேட்கிறாள். "நான் கவனிக்கவே இல்லையே." வழக்கம்போல உள்ளங்கையைச் சட்டையில் துடைக்கிறாள் தையற்காரி. கை காய்ந்தே இருக்கிறது.