சிக்கனத்துக்கு ஒரு குடம்

மழை பொய்த்த அந்த வருடம், தண்ணீரைக் குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குப் பித்தளைக் குடம் பரிசு என்று தண்டோரா போட்டார் சேர்மன் வைகுண்டராஜ். பரிசளிப்பு விழாவுக்கு வரும் பெரியகுளத்து அதிகாரி முன்னால் பேர் வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

மீட்டர் கணக்குப்படி மேட்டுத்தெருக் கடைசி வீட்டு முருகம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மேடையேறியதுமே அவள் சேர்மனிடம் ஆரம்பித்தாள். "ஐயா, ஆறு மாசமா ஒங்களப் பாக்க அலையுறேன்..."

"இருத்தா, மைக்குல சொல்லு. எட்டு உருப்படி இருக்கிற வீட்ல எப்படி இம்புட்டு மிச்சம் புடிச்ச? ஊரே கத்துக்கட்டும்."

முருகம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"மூணு வருசத்துக்கு முன்னால குழாயையும் மீட்டரையும் மாட்டிட்டுப் போனாக. இன்னும் ஒரு சொட்டு வரல. அதச் சொல்லத்தான் அலைஞ்சேன்."

பந்தலே சிரித்தது, அதிகாரியைத் தவிர.

சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கவலப்படாத ஆத்தா. அடுத்த வருசப் பரிசும் ஒனக்குத்தான்."