திலகவதியின் நன்றிக் கடிதம்

எம்.எல்.ஏ. அலுவலகத்தின் மாதச் செய்தி மடலில் தன் பெயரைப் பார்த்துத் திலகவதி திகைத்தாள். வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு கிடைத்ததற்கு அவள் நன்றி சொல்லிக் கடிதம் எழுதியதாகப் போட்டிருந்தது. அவள் வீட்டில் குழாயே கிடையாது.

மடலோடு நேரே அலுவலகத்துக்குப் போனாள். உதவியாளர் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். கடைசி எழுத்தைச் சுழித்து முடிக்கும் அவளுடைய அதே கையெழுத்து.

“நான் எழுதல சார். யாரு கொண்டாந்தா?”

“உங்க வீட்டுக்காரர்தாம்மா. எம்.எல்.ஏ.வைத் தனியாப் பாத்துப் பேசிட்டுப் போனாரே.”

வீடு திரும்பியபோது கணவன் சிங்காரவேலு தலை சீவிக்கொண்டிருந்தான்.

“எங்க போயிட்டு வர்ற?”

மடலை முந்தானைக்குள் மறைத்தாள். “தண்ணி லாரி வந்துச்சான்னு பாக்கப் போனேன்.”

“இனிமே நீ லாரிக்கு நிக்க வேணாம். எம்.எல்.ஏ. நம்ம வீட்டுக்கே குழாய் போட்டுத் தர்றேன்னுட்டாரு” என்றான், கண்ணாடியிலிருந்து திரும்பாமல்.

முந்தானைக்குள் இருந்த மடலை அவள் இன்னும் சிறிதாக மடித்தாள்.