பதினோராவது நாற்காலி

அடுத்த தேர்தலுக்கு எத்தனை உறுப்பினர், என்ன சம்பளம் என்று முடிவு செய்ய பிரேசிலின் ஒரு சிற்றூரில் நகர மன்றம் கூடியது. பொதுமக்கள் சார்பில் அன்செல்மோ எழுந்ததும் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பதினோரு பேர் எதுக்குங்க? ஒன்பது போதும். சம்பளமும் பாதி போதும்."

போன முறை கடைசி ஆளாகத் தட்டுத்தடுமாறி ஜெயித்த சுல்மிராவின் முகம் மிளகாயாகச் சிவந்தது. ஒன்பதானால் அடுத்த முறை அவள் கதி வீடுதான்.

"என் மேல என்னங்க கோபம் உங்களுக்கு?"

"கோபமில்ல சுல்மி. கூட்டம் முடிய ராத்திரி பத்தாகுது. நான் சமைச்ச பீன்ஸ் கல்லாயிடுது. கல்யாணமானதுலேருந்து தனியாச் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்ல."

சிரிப்பில் கூரை ஓடுகள் ஆடின. கணவன் சொன்னதைக் கேட்டு சுல்மிரா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாதிச் சம்பளம்னா கூட்டமும் பாதி. ஆறு மணிக்கு முடிச்சிடலாம். நாற்காலி பதினொண்ணே இருக்கட்டும்" என்றாள்.

தீர்மானம் நிறைவேறியது. முதலில் உயர்ந்த கை, அங்கே ஓட்டே இல்லாத அன்செல்மோவுடையது.