முள் மட்டும் போதாது

“என் வீட்டுக்காரரை மூணு தடவை ஃபெயில் ஆக்கினவர் நீங்கதானே?”

விமானப் பயிற்சிப் பள்ளியின் தேர்வு அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் பழக்கூடையோடு அறை வாசலில் ஒரு பெண். காலையிலிருந்தே அதிகாரிக்கு மனசு சரியில்லை. மூணு தடவை ஃபெயிலான அந்த ஆளுக்குப் பத்து மணிக்கு நாலாவது தேர்வு. “இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தவர் சார், பாவம், கண்டுக்காம பாஸ் போட்டு விடுங்க” என்று மேலதிகாரி போனில் குழைந்திருந்தார். இவரும் பாதி இளகித்தான் இருந்தார்.

“சிபாரிசுன்னா கூடையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்கம்மா.”

“நன்றி சொல்ல வந்தேங்க.”

“ஃபெயில் ஆக்கினதுக்கா?”

“ஆமா. ஒரு வருஷமா வீட்ல இதே புலம்பல்தான். ‘ரேடியோ நிலையம் இருக்கிற திசையை முள்ளு சரியாத்தான் காட்டுச்சு. அந்த நிலையம் தன் பேரை டிக் டிக்னு அனுப்புமாம், அதைக் காதுல வாங்கலைன்னு ஒரு மனுஷன் ஃபெயில் போடுவானா?’ சாப்பிடும்போதும் அதே, தூக்கத்துலயும் அதே. காது புளிச்சுப் போச்சு.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொன்னார்.

“நேத்து மலைக்கு மேல பறக்கும்போது ஒரே மேகம். வெளியில ஒண்ணும் தெரியல. முள்ளு என்னவோ ஜம்முனு வழி காட்டுச்சு. ஆனா டிக் டிக் மட்டும் வரவே இல்ல. நிலையம் பழுதாம், சரி பண்ணிட்டு இருந்தாங்களாம்; முள்ளை நம்பாதீங்கன்னுதான் பேர் அனுப்பறதை நிறுத்தி வெச்சிருந்தாங்களாம். முள்ளு காட்டினது தப்புத் திசை. முள்ளை நம்பியிருந்தா நேரா பாறைதான். உடனே விமானத்தைத் திருப்பியாச்சு. எழுபது உசுருங்க.”

அதிகாரி பழக்கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அவருக்கு வசவு மட்டுமே வாங்கித் தந்த வேலை இது.

“நீங்களும் அந்த விமானத்துல இருந்தீங்களாம்மா?”

“இருந்தேங்க.”

“அப்ப நன்றியை அந்த பைலட்டுக்குல்ல சொல்லணும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்த பைலட் நான்தாங்க. பழகின வழிதானேன்னு டிக் டிக் கேக்கறதையே விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, நேத்து அவர் புலம்பல் ஞாபகம் வந்துதான் காதுல வாங்கினேன். இன்னிக்கும் அவர் கேக்கலைன்னா, தயவுதாட்சண்யம் பாக்காம நாலாவது தடவையும் ஃபெயில் போட்டுருங்க!”