மாற்றி மாட்டிய கேபிள்

“என்னடா டாக்டர், ஆபரேஷன் சக்சஸ்னு சொல்லிட்டுப் போனே. பேஷன்ட் இன்னும் இழுத்துக்கிட்டுத்தானே கிடக்கு?”

அண்ணன் சோபாவில் சாய்ந்தபடி கேட்டார். குடும்பத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி வந்த பட்டப்பெயர்தான் டாக்டர். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு, அவருக்கு மிச்சமிருந்த ஒரே பெருமையும் அதுதான்.

“கொஞ்சம் இருங்கண்ணா, பார்த்துடறேன்.”

அண்ணன் மகளுக்கு வீடுகளின் உள் அலங்காரத்தை வரைந்து கொடுக்கும் வேலை. அவள் மவுஸை அசைத்துக் காட்டினாள். திரையில் இருந்த சமையலறை திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. திக்கித் திணறிப் பாதி சுற்றி, அப்படியே நின்றுவிட்டது.

“நீங்களே பாருங்க சித்தப்பா,” என்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

படம் காட்டுவதற்கென்றே இருக்கும் புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று போன மாதம் வாங்க வைத்ததும் டாக்டர்தான், மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். ‘ராம்’ என்கிற நினைவக அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். விசிறி ஒழுங்காகத்தான் சுற்றியது. கார்டின் சாப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார். சமையலறை அசைந்து கொடுக்கவில்லை.

“டேய், எங்க ஆபீஸ்ல எல்லா மெஷினையும் பார்த்துக்க ஆள் தேடறாங்க. உன்னைச் சொல்லலாம்னுதான் நினைச்சேன். வீட்ல இருக்கற ஒண்ணையே உன்னால நிமிர்த்த முடியலைன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உனக்காகப் பேசறது?”

டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த வேலை கிடைத்த மாதிரிதான் என்று மனைவியிடம் வேறு வாய் விட்டிருந்தார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தார். பெட்டியின் முதுகுப் பக்கம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

திரையிலிருந்து வந்த கேபிள், பழைய துளையிலேயே செருகியிருந்தது. புதுக் கார்டுக்கென்று கீழே தனித் துளை இருக்கிறது. அதில் செருகினால்தான் கார்டு திரைக்கு உழைக்கும். இத்தனை நாளும் அது பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்து மின்சாரம் தின்றிருக்கிறது. நேற்றுத் தொழில் பழக வந்தவன்கூடச் செய்யாத தப்பு. அன்றைக்குக் கிளம்புகிற அவசரத்தில், பிடுங்கிய இடத்திலேயே பழக்கதோஷத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அதோடு விட்டாரா? “கலரைப் பார்த்தியா, சும்மா கண்ணைப் பறிக்குது!” என்று பீற்றிக்கொண்டது வேறு.

வெட்கத்தில் காது மடல் சுட்டது. மேஜைக்கு அடியிலேயே குடித்தனம் வைத்துவிடலாமா என்றிருந்தது.

“என்னடா, உள்ளேயே தூங்கிட்டியா?”

சத்தமில்லாமல் கேபிளைப் பிடுங்கிச் சரியான துளையில் செருகினார். திரை ஒரு கணம் இருண்டு, திரும்ப வந்தது. அவர் தவழ்ந்து வெளியே வருவதற்குள் அவள் மவுஸை அசைக்க, சமையலறை வழுக்கிக்கொண்டு சுழல ஆரம்பித்திருந்தது.

“அட!” அண்ணன் எழுந்தே வந்துவிட்டார். “என்னடா கோளாறு?”

உள்ளதைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தில் அபூர்வமாக வந்திருந்த மரியாதையைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது.

“கேபிள் இடம் மாறியிருக்குண்ணா. பாப்பா தூசி தட்டறேன்னு கழட்டியிருப்பா. திரும்பச் செருகும்போது துளையை மாத்தி மாட்டிட்டா.”

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் அவரையே பார்த்தாள். போட்டு உடைக்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார்.

“ஆமாப்பா. நாந்தான் மாத்தி மாட்டிட்டேன்.”

“அறிவிருக்கா உனக்கு? தெரியாத வேலையில எதுக்குக் கையை வைக்கறே? பாவம், அவனைப் போய் நான் சந்தேகப்பட்டுட்டேன்!” அண்ணன் மகளை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு தம்பியின் தோளில் தட்டினார். “நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வந்துடு. நான் பேசிக்கறேன்.”

கிடைக்காதா என்று ஏங்கிக் கிடந்த வார்த்தை. அது கிடைத்தபோது டாக்டரால் நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை, அவர் செய்த தப்புக்குத் தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறது. கொண்டுவந்து வைத்த டீயைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

வழியனுப்ப அவள் வாசல் வரை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டவருக்குப் படியிறங்கக் கால் வரவில்லை.

“அம்மாடி... நீ எதையும் மாத்தி மாட்டலை. அன்னிக்கே நாந்தான் தப்பா மாட்டிட்டுப் போயிட்டேன். உன் தலையில பழியைப் போட்டேனே, நான் மனுஷனே இல்லை. வா, உள்ளே போய் அப்பாகிட்ட சொல்லிடறேன். வேலை போனா போகட்டும்.”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.

“சும்மா இருங்க சித்தப்பா. உங்க தப்பைப் போன வாரமே கண்டுபிடிச்சு, நானே சரியா மாட்டி, என் வேலையையும் முடிச்சு அனுப்பிட்டேன். உங்களுக்காக ஆபீஸ்ல பேச அப்பா தயங்கினாரு. நீங்க சரிபண்றதை அவர் கண்ணால பார்க்கட்டும்னு, இன்னிக்குக் காலையில கேபிளைத் திரும்பவும் மாத்தி மாட்டிட்டு உங்களுக்கு போன் பண்ணினது நிஜமாவே நாந்தான்.”