உப்புப் பார்க்காத குழம்பு

"கால் கிலோ ஈரல் போடு தம்பி" என்று வெள்ளைத்துரை கேட்டதும், கறிக்கடை பாலகுரு கத்தியைக் கீழே வைத்தான்.

"அய்யா, ஒரு உசுரைக் கொன்னு நம்ம உசுரை வளக்கலாமான்னு ஆமத்தூர்க் கோயில்ல பேசுனது நீங்கதான? அன்னையிலிருந்து என் வாடிக்கையில பாதிப் பேரு கடைப்பக்கமே வாரதில்ல!"

"நாந்தான். இப்பவும் அதையேதான் சொல்லுவேன். இது எனக்கில்ல, வீட்டுக்காரிக்கு."

"அவுக சாப்பிடுவாகளா?"

"ஈரல்னா அவளுக்கு அம்புட்டு இஷ்டம். என் அடுப்புல ஏத்தக் கூடாதுன்னுட்டேன். பக்கத்து வீட்டுல போய்த் தின்னுட்டு, வாயைக் கழுவிட்டுத்தான் உள்ள வருவா."

பாலகுரு சிரித்தான். "இன்னைக்கு நீங்களே வாங்கிட்டுப் போறீக. அக்கா மலைச்சுப் போயிருவாக."

வெள்ளைத்துரை காசைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அவரே மசாலா அரைத்தார். வாடை குமட்டியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளறி, உப்புப் பார்க்காமலே இறக்கினார். இரண்டு இலைகளை எதிரெதிரே விரித்தார். தன் இலையில் தயிர்ச்சோறு வைத்துக்கொண்டார். எதிர் இலையில் சுடுசோறும் ஈரல் குழம்பும் பரிமாறினார்.

அந்த இலைக்கு நேர்மேலே, பட்டாசுக் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய வள்ளித்தாயின் படம் தொங்கியது. அவள் போய் இன்றோடு ஒரு வருடம். படத்துக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்.

"வள்ளி, இனிமே பக்கத்து வீட்டுக்குப் போவ வேண்டாம். இங்கனயே உக்காந்து சாப்பிடு."

அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று, தன் இலையில் கை வைக்காமல் காத்திருந்தார்.