குப்புறக் கிடந்தவன்

இரும்புக் கதவு அசையவில்லை.

மறுபடியும் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

கதவுக்கு அடியில் அவன் மச்சினன் கிளீட்டஸின் இரண்டு கால்களும் மாட்டியிருந்தன. மூழ்கிப்போன இழுவைப் படகின் எந்திர அறை. கிளீட்டஸ் குப்புறக் கிடந்தான்.

கயிற்றை இழுத்து மேலே சேதி சொல்லியாயிற்று. ஜாக்கியோடு ஆள் இறங்கும். அதுவரை கிளீட்டஸ் தாங்க வேண்டும்.

தாங்குவான் என்று தோன்றவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே தூக்கிப் போட்டது.

இருவர் முதுகிலும் புதுக் கருவி. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும். குமிழி வராது, துருப்பிடித்த கூரை தலையில் உதிராது. எல்லாம் சரிதான். ஆனால் விட்ட மூச்சு போய்த் தங்கும் பையைக் கொண்டுபோய் முதுகில் வைத்திருந்தார்கள். செய்த புண்ணியவான் தண்ணீருக்குள் குப்புறப் படுத்ததே இல்லை போலிருக்கிறது.

நேற்று ஒத்திகை முடிந்து ஏறியதுமே கிளீட்டஸ் சொன்னான்.

"மச்சான், குப்புறப் படுத்தா இது உறிஞ்சவே விடமாட்டேங்கு."

"பழகிரும்ல" என்று இவன் சிரித்தான்.

கதவை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்து இவன் மல்லாக்க விழுந்தான்.

காற்று தானாக வந்தது. கேட்காமலே நெஞ்சுக்குள் புகுந்தது.

பை கீழே, நெஞ்சு மேலே. கீழே இருக்கும் பையைத் தண்ணீர் கூடுதலாக நெருக்கித் தள்ளுகிறது.

கிளீட்டஸுக்கோ பை மேலே, நெஞ்சு கீழே. அவனைப் புரட்ட முடியாது. பையைப் புரட்டலாம்.

பாய்ந்துபோய் அவன் தோள் வாரைக் கழற்றினான்.

கிளீட்டஸ் திமிறினான். கையைத் தட்டிவிட்டான். கலங்கல் தண்ணீரில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. என் மூச்சையா பிடுங்குகிறாய் என்று கேட்டன.

வாயில் குழாயை வைத்துக்கொண்டு என்னவென்று சொல்வது? பாவி, உனக்காகத்தான்டா.

அடுத்த தோள் வாரையும் கழற்றினான். இடுப்பு வாரின் கொக்கி கிளீட்டஸின் வயிற்றுக்கு அடியில் இருந்தது. எட்டவில்லை. இவன் முகமூடிக்குள் அழுதான்.

கிளீட்டஸ் திமிறுவதை நிறுத்தினான்.

இவன் முகத்தையே பார்த்தான். பிறகு கையை வயிற்றுக்கு அடியில் விட்டு, அந்தக் கொக்கியைத் தானே விடுவித்தான்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். முங்குகிறவர்கள் பாஷையில், நீ மேலே போ என்று அர்த்தம்.

காற்றுத் தீர்ந்தது இவனுக்குத்தான் என்று நினைத்து, தன் கருவியையே கொடுக்கிறான்.

வாய்க்குழாய் பிசகாமல் பையை உருட்டி, கிளீட்டஸின் மார்புக்கு அடியில் செருகினான்.

கிளீட்டஸின் முதுகு உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி, மெதுவாக, உயர்ந்தது.

விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. இவன் அதை மடக்கிப் பிடித்துக்கொண்டான்.